அம்பயரின் தொப்பி பறந்த நாள்

காளவாசல் சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு துணிக்கடைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. டைல்ஸ் ஒட்ட வந்த வடக்கத்திப் பையன்கள் காலை டீயோடு வாசலில் குந்தி, கைப்பேசியைச் செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்தது அந்தக் குரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஓரிடத்தில் சட்டென்று நின்று, பிறகு படிக்கட்டில் குடம் உருளுகிற மாதிரி கடகடவென்று சரிகிற இந்தி வர்ணனை. ஆஸ்திரேலியாவில் நம் ஆட்கள் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வந்த பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். தூசி, டீசல், ஆட்டோக்காரரின் வசவு எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, எங்கள் பழைய திருநகர் வீட்டு முன்னறை எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் அப்பாவுக்குக் கிரிக்கெட் ஒரு விரதம். இந்திய அணி வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய அன்று சவரத்தை நிறுத்திவிடுவார். தொடர் முடிந்தால்தான் எங்களுக்கு அவர் முகம் திரும்பக் கிடைக்கும். ஆஸ்திரேலியப் பயணம் என்றால் இன்னும் விசேஷம். பால்காரர் மணியடிக்கும் முன்பே வானொலி இரையத் தொடங்கிவிடும். அங்கே வெயில் சாய்கிற நேரத்தில் இங்கே அடுப்பில் பருப்பு வேகும். அத்தனை கடல் தாண்டி வந்த களைப்பில் அந்த ஒலி பொங்கும், அமுங்கும், சில நேரம் செத்தே போகும். அப்பா வானொலிப் பெட்டியின் முதுகில் தட்டி உயிர் கொடுப்பார்.

தொல்லை என்னவென்றால், வர்ணனை கொஞ்ச நேரம் இங்கிலீஷில் வரும், கொஞ்ச நேரம் இந்தியில் வரும். இந்தி தொடங்கியதும் அப்பாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். கூட்டம் கத்துகிறது, நாலு போயிற்றா, ஆளே போய்விட்டானா, தெரியாது. அதனால்தான் தன் ஒரே தங்கையை, எங்கள் அத்தையை, இந்தி படிக்க அனுப்பினார். ஊர்ச் சுவரெல்லாம் வேண்டாம் என்று தார் பூசி எழுதியிருந்த மொழியை அத்தை பரீட்சை மேல் பரீட்சையாக எழுதித் தேறியது தேசத்துக்காக அல்ல, எங்கள் வீட்டு வானொலிக்காக. பிறகு அதை அவள் தனக்காகவே நேசிக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை அப்பா கவனிக்கவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. நம் ஜோடி நிலைத்து ஆடும்போது யாரும் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அப்படியொரு ஆஸ்திரேலியத் தொடரில் நான் டிரங்குப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்த ஒரு காலையில் நாளெல்லாம் விக்கெட்டே விழவில்லை. அன்றிலிருந்து நான் டிரங்குப் பெட்டிக்கு நேர்ந்துவிடப்பட்ட பிள்ளை. கால் மரத்துப்போனாலும் இறங்க முடியாது.

தொடரின் கடைசி டெஸ்ட், அதன் கடைசி நாள். முந்தைய ஆட்டங்களில் வாங்கிய அடி போதாதென்று இதிலும் தோல்வி வாசல்படி வரை வந்துவிட்டது. ஜெயிக்க வழியே இல்லை. அங்கே சாயங்காலம் வரை ஆட்டமிழக்காமல் நின்றுவிட்டால் டிரா, மானம் மிஞ்சும். அந்த நாளில்தானா அத்தையைப் பெண் பார்க்க வர வேண்டும்? தை பிறந்து முதல் நல்ல நாள், தள்ள முடியாது என்று தரகர் சொல்லிவிட்டார். தள்ளச் சொல்வதற்கு அப்பாவிடம் இருந்த காரணமும் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். தாய் தகப்பன் இல்லாத தங்கைக்கு அப்பா எத்தனையோ இடங்களைத் தட்டிக் கழித்து, இதுதான் என்று நெஞ்சு நிறைந்து தேர்ந்தெடுத்த இடம். அதுதான் அத்தையின் வாயை அடைத்திருந்தது. அன்று காலை அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"ஆனி மாசம் ட்ரெய்னிங்ல சேரணும் மதினி. எனக்கு டீச்சராகணும். இப்ப இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"ஒங்க அண்ணங்கிட்ட நீயே சொல்லிப் பாரேன்."

"இம்புட்டு ஆசையா நிக்கிறவருகிட்ட எந்த வாயால சொல்ல?"

அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டாள். எனக்கு, வாழைக்காய் எத்தனை துண்டு தேறும் என்பதுதான் கவலை.

அவர்கள் படியேறி, மாப்பிள்ளையின் தகப்பனார் வலது காலை உள்ளே வைத்த அதே நொடியில் வானொலியில் பெரும் இரைச்சல். எட்டாவது விக்கெட். அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பாவோ தாடிக்குள் சிரிக்க முயன்று, "வாங்கண்ணே, வாங்க" என்றார், இழவு வீட்டில் கை பிடிப்பவர் குரலில். மாப்பிள்ளையின் அம்மா தாடியைப் பார்த்து, "ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அப்பா. அது ஒன்றும் பொய் இல்லை.

வானொலியை அணைக்க அம்மா கை நீட்டினாள். அப்போது அந்தத் தகப்பனார், துண்டைத் தோளிலிருந்து எடுத்தபடி, "எட்டா போச்சு? அந்த நெட்டப்பய அவுட்டா, நிக்கிறானா?" என்று கேட்டார்.

அப்பாவின் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை நான் பிற்பாடு என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. "நிக்கிறாண்ணே! உக்காருங்க, உக்காருங்க!" இரண்டு பேரும் வானொலியை நடுவில் வைத்துக்கொண்டு, பல வருஷப் பங்காளிகள் மாதிரி முட்டியோடு முட்டி உரசி உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கடைசியாக மிஞ்சிய மடக்கு நாற்காலியில், அடுப்படி நிலைக்கதவுக்கும் என் டிரங்குப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்தார். ஒல்லி. மீசை அளவாக. என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்போது இந்தி வந்துவிட்டது.

அப்பா பழக்க தோஷத்தில் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "தாயி! இந்தி வந்துருச்சு, ஓடியா!"

பட்டுச்சேலை, கொண்டை நிறைய மல்லிகை, கையில் காபித் தட்டு. தலை குனிந்து மெல்ல வந்து நிற்க வேண்டிய அத்தை, மாவு மில்லுக்கு ஓடுகிறவள் போல நிலைக்கு வந்து நின்று, வந்த மூச்சிலேயே சொல்லத் தொடங்கினாள். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளியண்ணே. தொடல, விட்டாச்சு. அடுத்தது... மட்டையக் குடுத்தாச்சு. ரன் இல்ல." மாப்பிள்ளையின் அம்மா வாயில் கைவைத்தார். "ஆத்தாடி, பொண்ணுக்கு இந்தியெல்லாம் வருதே!" நாக்பூர் மருமகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அத்தைக்கு அது உறைத்தது.

காபியைக் கொடுக்க அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். "நகராத!" என்றார் அப்பா. "ஆமாம்மா, அங்கனயே நில்லு. நீ வந்தப்புறம்தான் நிக்கிறாய்ங்க" என்றார் அந்தத் தகப்பனாரும். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணை உட்காரச் சொல்லாதவர்கள் உண்டா? அங்கே உண்டு. அம்மாதான் பூனை மாதிரி வந்து தம்ளர்களை எடுத்துக்கொடுத்தாள். வெறும் தட்டை ஏந்தியபடி அத்தை நின்றாள், கோயில் தூணில் விளக்கேந்தி நிற்கும் பாவையைப் போல.

கொஞ்ச நேரம் கழித்து வானொலிக்காரர் பதறினார். அத்தை நிதானமாக, "ஒண்ணுமில்லண்ணே, விட்டுட்டாரு" என்றாள். மாப்பிள்ளை வானொலியைப் பார்த்தபடியே, மெதுவாக ஏதோ இந்தியில் சொன்னார். அத்தையின் கண் அகன்றது. அவளும் வானொலியைப் பார்த்தபடியே இந்தியில் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றாப்ல?" என்றார் அப்பா.

"ஃபீல்டிங் பத்திக் கேக்குறாங்கண்ணே."

"கேக்கட்டும், கேக்கட்டும்!" அப்பா பூரித்துப்போனார். "எங்க பயலும் அங்க போயித்தான் கத்துக்கிட்டான்" என்று அந்தத் தகப்பனாரும் பெருமையோடு பஜ்ஜியைக் கடித்தார். முன்னறையில் இத்தனை பேர் இருந்தும், அந்த மொழி தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். எல்லார் முன்னாலும், எல்லார் ஆசீர்வாதத்தோடும், அவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஓவருக்கு ஓவர், இடைவெளி பார்த்து. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஒருமுறை அவர் ஏதோ சொல்ல, அத்தை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். முன்னறையே திரும்பியது.

"என்னம்மா சிரிப்பு? உசுரு ஊசலாடுது இங்க!"

"அம்பயர் தொப்பி காத்துல பறந்துருச்சாம்ணே. துரத்திக்கிட்டு ஓடுறாராம்."

எல்லாரும் சிரித்தோம். அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். நான் டிரங்குப் பெட்டி மேல் குலுங்கினேன். பச்சைப் புல்வெளியில் வெள்ளைக் கோட்டுக் கிழவர் ஒருவர் தொப்பிக்குப் பின்னால் ஓடுவதை அன்று கண்ணால் பார்த்தவள் நான். பள்ளியில் எத்தனையோ பேருக்கு அதை நடித்துக் காட்டியிருக்கிறேன்.

எந்தத் தொப்பியும் பறக்கவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அத்தை எனக்கு மொழிபெயர்த்தாள். மாப்பிள்ளை முதலில் சொன்னது: "பந்து ஆடுகிறவரின் தோள்பட்டையில் அடித்தது. நீங்கள் ஒன்றுமில்லை என்கிறீர்கள்." இவள் சொன்னது: "அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு. கெட்டதைக் குறைத்துத்தான் சொல்வேன்." பிறகு நெடுநேரம் யோசித்து, வேறெவரிடமும் சொல்ல முடியாததை முன்பின் தெரியாதவரிடம் சொன்னாள். "எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். படிக்க வேண்டும். நான் மறுத்தால் அண்ணன் உடைந்துபோவார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்." அவர் என்ன காரணம் சொல்வது என்று கேட்டார். "என்னவோ சொல்லுங்கள். பெண் லட்சணமாக இல்லை என்று சொல்லுங்கள்." அதற்கு அவர் சொன்னாராம்: "எங்கள் அப்பாவுக்கு இந்திதான் தெரியாது. கண் நன்றாகத் தெரியும்." அங்கேதான் தொப்பி பறந்தது.

அப்புறம் அவர் 'டீக் ஹை' என்றார். சரி என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லோடு அத்தையின் காரியம் முடிந்துவிட்டது.

ஆனால் பேச்சு முடியவில்லை. அதை நான் பார்த்தேன். வர்ணனை இங்கிலீஷுக்கு மாறிய பின்னும், இனி மொழிபெயர்க்க எதுவும் இல்லாத பின்னும், நகரக் கூடாது என்ற சட்டத்தின் நிழலில் அத்தை நின்றாள். அவர் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஏந்திய தட்டு மெல்லச் சரிந்து, அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. மறுபடி இந்தி வந்தபோது அவள் கவனிக்கவில்லை. "என்னம்மா சொல்றான்? சொல்லும்மா!" என்று அப்பா கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு என்ன என்று பேருந்தில் கேட்டேன். "ஊர்க்கதை" என்றாள் அத்தை. "ஆரஞ்சுத் தோட்டம், குளிர், அவுங்க ரூமுக்கு எதுத்தாப்புல இருக்க பள்ளிக்கூடம்..." அதற்கு மேல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஜோடி கடைசிவரை நின்றுவிட்டது. டிரா. அப்பா எழுந்து அந்தத் தகப்பனாரைக் கட்டிப் பிடித்து, "சம்பந்தி!" என்று கத்திவிட்டார். அவரும், "பெறகென்ன சம்பந்தி!" என்று அப்பாவின் முதுகில் அறைந்தார். முறையாகக் கேட்கவில்லை, தட்டு மாற்றவில்லை. ஒரு தோற்காத ஆட்டத்தின் மேல் சம்பந்தம் முடிந்துவிட்டதாக இரண்டு பேரும் நம்பினார்கள்.

மறு வாரம் தரகர் வந்து, பையன் இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிறான், எதற்கும் மசியவில்லை என்றார். அப்பா கண்ணாடி முன் நின்று, தாடி ஏற்கெனவே போயிருந்த முகத்தை மறுபடி நெடுநேரம் சவரம் செய்தார். நாக்பூர்க்காரன் என்றாலே எங்கள் வீட்டில் ஏமாற்றுக்காரன் என்று ஆயிற்று. நானும் அந்தப் புருவத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். தங்கைக்கு நேர்ந்த அவமானத்தை ஆற்றுவதற்காக அப்பாவே அத்தையைப் பயிற்சியில் சேர்த்தார். அவள் டீச்சரானாள். சில வருஷம் கழித்து, கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், கிரிக்கெட் என்றால் கொட்டாவி விடுவார். அத்தைக்குக் குறையொன்றும் இல்லை. அந்த மாப்பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறாரோ, தெரியாது.

அன்றைய வாசலைத்தான் இன்னும் சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அந்தத் தகப்பனாரும் கையை விட மனமில்லாமல் கடைசி ஓவரைத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கேட்டைத் திறந்து வெளியே போய் நின்றார். கொடுத்த வாக்கைச் சுமக்கிறவரைப் போல, திரும்பிப் பார்க்காமல்.

பெண் வாசலுக்கு வரக் கூடாது. அத்தை வந்தாள். அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, கீழ்ப்படி வரை வந்தாள். அவர் திரும்பினார். இந்தியில் ஏதாவது சொல்லப்போகிறாள், இன்னொரு தொப்பி பறக்கும், சிரிக்கலாம் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் எல்லாருக்கும் தெரிந்த மொழியில், எல்லாருக்கும் கேட்கிற குரலில், எந்த வீட்டு வாசலிலும் யாரும் யாரிடமும் சொல்கிறதைத்தான் சொன்னாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. அவருக்கும் அது வெறும் மரியாதையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

"போயிட்டு வாங்க."