அவருக்கு இலை போடவில்லை

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். பம்பாய் மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். மாமனார், என் கணவர், நான், என் நாத்தனார். நாத்தனார் சின்னப் பெண். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவனை டைபாயிடுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். இந்தச் சம்பவத்தை ஆறின மனசோடு என்னால் சொல்ல முடியாது. அதற்கு முயற்சி செய்யப்போவதும் இல்லை.

அந்த நாளில் மாதுங்காவில் ஒரு வழக்கம் இருந்தது. சென்னையிலிருந்து எழுத்தாளர் யாராவது வந்தால் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் அவரை ஹோட்டலில் விடமாட்டார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு தங்கவைத்துச் சாப்பாடு போடுவார்கள். எழுத்தாளர் வந்து இறங்கிய வீட்டுக்கு அந்த வாரம் தனி மவுசு. பக்கத்து வீட்டுப் பெண்கள் காபிப்பொடி கேட்கிற சாக்கில் வந்து, அவர் எப்படி உட்காருகிறார், எப்படிப் பேசுகிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாமனார் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். அப்படித்தான் ஒரு பிரபல நாவலாசிரியர் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினார்.

நல்ல பேச்சுக்காரர். வெறும் ரசம் சாதத்தைக்கூடப் புகழ்ந்துதான் சாப்பிடுவார். அப்போது நாத்தனார் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் மாமனாரே லோகல் ரயிலில் கூட்டிப்போய் ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு வந்தார். இறந்துபோன கணவரின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போவாள். ஆண்பிள்ளைக் கடிகாரம். அவள் கைக்கு வார் பெரிசு என்று கூடுதலாக ஓர் ஓட்டை போட்டிருந்தது. எழுத்தாளர் அதைப் பார்த்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார். அவளும் நம்பிப் பேசினாள். ரயில் நெரிசலில் அழுததைச் சொன்னாள். காற்று வராத மூலையில் உட்கார்ந்து தனக்கு மயக்கம் வந்ததையும், வயசான பார்ஸி மேலதிகாரி தன் ஜன்னலோர இடத்தையே விட்டுக்கொடுத்ததையும் சொன்னாள். அதுவரைக்கும் யாரும் அவளிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை, பாவம். "உங்களை மாதிரிப் புதுமைப் பெண்கள்தான் தேசத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, நான் கட்டிக்கொடுத்த புளியோதரையோடு ரயிலேறினார்.

அடுத்த வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய புதுத் தொடர்கதை வந்தது. ஒரு பத்திரிகையைப் பத்து வீடு வாங்கிப் படிக்கிற இடம் மாதுங்கா. கதாநாயகி பம்பாயில் வேலைக்குப் போகிற இளம் விதவை. கையில் கணவனின் கடிகாரம், வாரில் போட்ட அந்த ஓட்டை உள்பட. ஜன்னலோரம் இடம் கொடுக்கிற மேலதிகாரி மட்டும் கதையில் கிழவர் இல்லை, வாலிபன். அவள் வழி தவறுகிறாள். ஊர் தூற்றுகிறது. கடைசி அத்தியாயத்தில் லோகல் ரயில் முன்னால் விழுந்து சாகிறாள். தண்டவாளத்தில் அந்தக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படித்துவிட்டு மாதுங்காவே மூக்கைச் சிந்தியது. செத்த கதாநாயகிக்காக அழுதவர்களே, உயிரோடு இருந்தவளை மேலும் கீழும் பார்த்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? காய்கறி மார்க்கெட்டில், கோயிலில், ரயிலில் பெண்கள் பெட்டியில், வேண்டுமென்றே அவளை நிறுத்தி மணி என்ன என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். முதலில் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டு நடந்தாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை அச்சடித்து வாராவாரம் வீடு வீடாக விநியோகம் செய்திருந்தார் அந்த மனிதர்.

மாமனார் ஆடிப்போய்விட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். வேலையை விட்டுவிடு என்றார். அவள் எவ்வளவோ மன்றாடினாள். வேலையை விட்டால் அவளுக்கு என்ன மிச்சம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாலு சுவரும், அடுத்தவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடுவதும், அப்பளம் இடுவதும்தான் மிச்ச ஆயுசு. நான் அவளுக்காகப் பேசினேன். என் கணவர் வழக்கம்போல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதானா அந்த மகானுபாவர் மறுபடி பம்பாய்க்கு வர வேண்டும்? சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் வாசகர் சந்திப்பு. இந்தத் தடவை அவர் தங்கியது வேறு வீட்டில். ஆனால் கூட்டம் முடிந்து சாப்பாடு எங்கள் வீட்டு முறை. முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். மாமனார் கேட்கவில்லை. "மறுத்தா அது நம்மாத்துக் கதைதான்னு நாமளே ஒத்துண்ட மாதிரி ஆயிடும்மா. எல்லாருமா கூட்டத்துக்கு வந்து சிரிச்ச முகமா உக்காருங்கோ" என்றார். ரேஷன் அரிசியிலும் சர்க்கரையிலும் மிச்சம் பிடித்ததை வைத்துக்கொண்டு, எரிகிற வயிற்றோடு பாயசம் வரைக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹாலில் நல்ல கூட்டம். பெண்களுக்கு ஓரமாகத் தனி பெஞ்சு. கேள்வி கேட்பதெல்லாம் ஆண்கள்தான். காலையில் எழுதுவீர்களா ராத்திரியிலா, முடிவை முதலிலேயே யோசித்துவிடுவீர்களா என்று கேட்டார்கள். இந்தக் கதாநாயகியை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். எழுத்தாளர் கண்ணை மூடித் திறந்து, முழுக்க முழுக்க என் கற்பனை, தூக்கம் வராத ஓர் இரவில் அவளே என் முன்னால் வந்து நின்றாள் என்றார். நாத்தனார் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"அவளை ஏன் கொன்னேள்?"

மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். "எல்லாரும் அதைத்தாம்மா கேக்கறா. சமூகத்துக்கு ஒரு எச்சரிக்கை வேண்டாமா?" என்றார்.

"வேலைக்குப் போறவளுக்கு எச்சரிக்கை, சரி. அவ சொன்னதை எல்லாம் கேட்டுண்டு போய் அவ தலையிலேயே மண்ணை வாரிப் போடறவாளுக்கு?" என்றேன்.

தலைவர் மேஜை மணியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அதற்குள் பக்கத்தில் அவளும் எழுந்துவிட்டாள். தலைப்பை விலக்கி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "தண்டவாளத்துல கெடந்ததா எழுதினேளே, அந்த வாட்ச் இதோ இருக்கு. நானும் இருக்கேன். அந்தக் கிழவர் என்னை மகளேன்னுதான் கூப்பிடுவார்" என்றாள்.

எழுத்தாளர் சபையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "படைச்ச பாத்திரமே எழுந்து வந்து நான்தான் அதுன்னு சொல்றது. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேணும்?" என்றார்.

சபை கைதட்டியது. ஆமாம், கைதட்டியது. தூக்கிய கையை இறக்கக்கூடத் தெரியாமல் ஒருத்தி நிற்கிறாள், அத்தனை படித்தவர்களும் தட்டுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். முன்வரிசையில் மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாமனார் மட்டும் தட்டவில்லை. மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எங்களிடம் வந்து, "வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்" என்றார்.

விளக்கேற்றிவிட்டு நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வது என்று மாமனாரிடம் கேட்கத் தைரியமில்லை. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். சங்கக் காரியதரிசி முன்னால், எழுத்தாளர் பின்னால். மாமனார் வாசற்படியில் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"இன்னிக்கு எங்காத்துல இலை போடலை. வேற எங்கயாவது ஏற்பாடு பண்ணிக்கோங்கோ."

காரியதரிசிக்குப் புரியவில்லை. "என்ன மாமா இது, சமையல் வாசனை கீழ்மாடி வரைக்கும் வரதே" என்றார்.

"வரட்டும்" என்றார் மாமனார்.

சாப்பாட்டு வேளையில் வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவது எங்கள் வீடுகளில் கேள்விப்படாத காரியம். விரோதி வந்தால்கூட ஒரு பிடி போட்டுத்தான் அனுப்புவார்கள். கதையைக் கதையாகத்தான் பார்க்க வேண்டும் என்று எழுத்தாளர் என்னவோ ஆரம்பித்தார். மாமனார் கதவைச் சாத்தினார்.

பிறகு அவரே உள்ளே வந்து, விருந்தாளிக்கென்று நறுக்கி வைத்திருந்த நுனி இலையைக் கூடத்தில் போட்டு, மகளை உட்காரச் சொன்னார். விதவையான நாளிலிருந்து அவளுக்கு ராத்திரியில் சாதம் கிடையாது. கொஞ்சம் உப்புமாவோ இரண்டு இட்லியோதான். "எனக்கு ராத்திரியில சாதம் இல்லையேப்பா" என்றாள்.

"இன்னிக்கு உண்டு. நாளைக்குக் காலம்பற ஆபீஸ் போகணும். வயிறாரச் சாப்பிடு" என்றார்.

நான் பரிமாறினேன். பாயசத்தைத் தாராளமாக விட்டதில் இலையெல்லாம் ஓடிவிட்டது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். ஊர் இன்னும் கொஞ்ச நாள் மணி கேட்டது. அவளும் நின்று, தலைப்பை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். கேட்டவர்களுக்கே அலுத்துப்போயிற்று. பென்ஷன் வாங்குகிற வரைக்கும் உத்தியோகம் பார்த்தாள். மாமனாரைக் கமிட்டியிலிருந்து நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள். அது அவரை உறுத்தியது என்று எனக்குத் தெரியும், அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று கைதட்டியவர்களில் ஒருவர்கூட அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நாவல் புத்தகமாகவும் வந்து நன்றாக விற்றது. அதில் அவள் இன்னும் ரயில் முன்னால் விழுந்துகொண்டுதான் இருக்கிறாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்றைக்கும் யாராவது மேடையில் நின்று இதெல்லாம் என் சொந்தக் கற்பனை என்று சொன்னால், இவர் யார் வீட்டில் சாப்பிட்டார் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.