தொட்டியைக் காயவைத்த நெருப்பு

காலை எட்டேகால் மணிக்குச் சித்தப்பா தொட்டிக்குள் இறங்கினார். அந்த நேரம் எங்கள் வீட்டில் பிற்பாடு திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. அதனால்தான் இன்றும் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயது.

தொட்டி என்றால் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி அல்ல. எங்கள் பின்கட்டை ஒட்டி ஓடிய ஆற்றுக்காலில் மடை வெட்டி, பெரியவர்களே நீந்திக் குளிக்கும்படி செங்கல்லால் கட்டியது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். பழைய காரை உதிர்ந்து, துருத்திய செங்கல் எல்லோர் காலையும் கிழித்துக்கொண்டிருந்தது. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆற்றுத்துறையில் இறங்குவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுப் பூச்சுக்கு ஆள் விட்டார்.

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசியாயிற்று. ஆனால் கார்த்திகை மழை விடவில்லை, பூச்சு காயவில்லை. அப்பா தொட்டியின் மேல் பனையோலைக் கூரை போட்டு, உள்ளே சட்டி சட்டியாக நெருப்பு வைக்கச் சொன்னார். விறகுப் புகை வெள்ளைப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் கரி நெருப்பு. கண்ணைக்கூடக் கரிக்காத நெருப்பு, யாரை என்ன செய்துவிடும்?

“ஓலை இடுக்குல சாக்கை வச்சு அடைங்கலே. சூடு வெளிய போயிரக் கூடாது” என்று அப்பா நின்று விரட்டினார்.

பூச்சு முழுதும் இறுகுமுன் கூழாங்கல்லால் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். அந்த வேலையைச் சித்தப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சம்பந்தியம்மா இதுல மொகம் பாத்தே மூக்குத்தி திருகிக்கிடலாம், பாருங்க அண்ணே.”

“வழுக்கி விழுந்தாவன்னா நீதாம்லே பதில் சொல்லணும்.”

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா தலைவலி என்று மேலே வந்து உட்கார்ந்தார். சூடு ஏறியிருக்கும் என்று அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, “ஏட்டி, கல்லுச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கோ. நின்னா நான் உறங்கிட்டேன்னு அர்த்தம்” என்று என்னிடம் சிரித்துவிட்டு மறுபடி இறங்கினார்.

சத்தம் நின்றது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “அசந்திருப்பான், தொந்தரவு பண்ணாத” என்றார். பிறகு கொத்தனார் கூரையை விலக்கிக் குனிந்து பார்த்து அலறினார். அப்பா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குதித்தார். இரண்டு பேருமாகச் சித்தப்பாவைத் தூக்கிவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அப்பா சுவரோரம் போய் வாந்தி எடுத்தார்.

போன வருஷம் என் மகள் பிரசவித்த அறையில் வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக் கனல்சட்டி வைத்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்தேன், அவர்கள் சாத்தினார்கள், மறுபடி திறந்தேன். பிள்ளைக்குக் குளிர் ஏறும் என்று என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார்கள். விடியும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சித்தப்பாவின் உடம்பு சூடாக இருந்தது. முகம் சிவந்து, முன்னைவிட அழகாக இருந்தது. சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள். “ரத்தம் ஓடுது, பாருங்க, கன்னத்துல ரத்தம் ஓடுது” என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். பாளையங்கோட்டைக்கு வண்டி போயிருந்தது.

டாக்டர் வரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. இமையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் நெடுநேரம் காதை வைத்திருந்தார்.

“மொகம் தெளிவா இருக்குல்லா டாக்டரையா?” என்றாள் சித்தி.

“அந்தச் சிவப்பு கரியோட விஷம்மா. தூக்கும்போதே உயிர் இல்லை.” பிறகு அப்பாவைப் பார்த்தார். “உள்ளே காத்து போக எங்கேயாவது வழி விட்டிருந்தீங்களா?”

பெரிய மனிதர் கேட்கிறாரே, அப்பா பதில் சொல்லாமல் இருக்கிறாரே என்று நான் முன்னால் வந்தேன்.

“ஒரு இடுக்கு கிடையாது. எங்கப்பாதான் கூடவே நின்னு அடைக்கச் சொன்னாவ” என்றேன், பெருமையாக.

டாக்டர் என் தலைமேல் கையை வைத்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றே நினைத்தேன்.

“போதும்மா. நீ உள்ளே போ” என்றார்.