கையைத் தூக்கியதும் நிறுத்திய டாக்டரம்மா

விடியும்போதே கன்னம் வீங்கியிருந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை. சோளக்காடு ஊரில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், பாதியில் இறங்கி ஓடிவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

பல் டாக்டரம்மா எங்கள் மலைக்குக் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. எதை எடுத்தாலும் நமக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"சீழ் கட்டியிருக்குண்ணே. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்திரலாம். வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்."

எனக்கு நம்பிக்கையில்லை. ஊசி போட்டு, வாய் மரத்து, குறடு உள்ளே போனதும் கையைத் தூக்கினேன். நிறுத்தினார். மறுபடி தூக்கினேன். மறுபடியும் நிறுத்தினார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்லீங்க. நெசமாவே நிறுத்துவீங்களான்னு பாத்தேனுங்க."

வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை வேணும்னாலும் பாத்துக்கங்க" என்று சிரித்தார்.

மூன்றாவது தடவையும் தூக்கிப் பார்த்தேன். குறடு வெளியே வந்தது. அதன்பிறகு கை எழும்பவேயில்லை. பல் வந்ததும் தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது என் சம்சாரம், "நானா இருந்தா அந்தக் கையக் கட்டிப் போட்டிருப்பேனுங்க" என்றாள்.

அவள் சொல்வதுதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனாலும் அந்த டாக்டரம்மா மூன்று தடவையும் நிறுத்தினார்.