உறைவிந்து கேனும் ஆட்டோடு ஓடிய அக்காவும்

எங்கள் குடும்பத்துக்கு விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம். நான் மட்டும் கால்நடை டாக்டர். "மூட்டை தூக்க வெக்கப்பட்டவன் இப்ப கிடா விந்தத் தூக்கிக்கிட்டு அலையுறான்" என்று அத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மாட்டுக்குச் சினை ஊசி எல்லாருக்கும் தெரியும். செம்மறிக்கு என்பது எங்களுக்கே புதுசு. நல்ல ரகக் கிடாவின் விந்தை ஸ்ட்ரா போன்ற மெல்லிய குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் கேனில் உறைய வைத்திருப்போம். வெளியே எடுத்து வெந்நீரில் இளக்கினால் சில நிமிஷத்துக்குள் ஆட்டுக்குப் போட்டாக வேண்டும். மறுபடி உறைய வைக்க முடியாது.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஊர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டாசு கம்பெனி லீவு. மருந்து வைத்துப் பருவத்துக்கு வரவழைத்த நாலு ஆடுகளை, கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு பெண்கள் பிடித்திருந்தார்கள். நாலுக்கும் சேர்த்து என்னிடம் நாலே குச்சி. முதல் ஆடு ஓர் அக்காவினுடையது. அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்.

"சினை நிக்குமா சார்? இந்த ரகத்துல நாலு குட்டி பெருகிட்டா கம்பெனிப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேன்" என்றார்.

கேனைத் திறந்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. குச்சியை எடுத்து வெந்நீரில் போட்டு, துடைத்து, ஊசிக் குழலில் மாட்டி நிமிர்ந்தால் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. நாலு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. அட மடையா, வாழ்நாளெல்லாம் புகைக்குப் பயந்த ஜனத்திடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லத் தோன்றியதா உனக்கு?

மூன்று ஆடுகள் கருவேலங்காட்டுக்குள் சிதறியிருந்தன. அந்த அக்கா மட்டும் ஆட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். குழல் குளிர்ந்துவிடாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். டாக்டரே ஓடுகிறார் என்றதும் அவர் இன்னும் வேகமாக ஓடினார்!

"வெடிக்காதுக்கா! ஐஸ் மாதிரிதான்! நில்லுங்க!"

கண்மாய்க் கரையில் நின்றார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடிக்க, அங்கேயே போட்டு முடித்தேன். மற்ற ஆடுகளைத் தேடிப் பிடித்துப் போட மதியமாகிவிட்டது. அவற்றில் ஒன்றுகூடச் சினை நிற்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு அந்த அக்கா ஒரு பெட்டைக் குட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஊசிபோட வந்திருந்த நாய்க்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

"ஏன்க்கா, எல்லாரும் ஆட்ட விட்டுட்டு ஓடுனாக. நீங்க மட்டும் அம்புட்டுக் கனத்தத் தூக்கிக்கிட்டா ஓடுனீக?" என்று கேலியாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பொகையப் பாத்தா கையில இருக்கதப் போட்டுட்டு ஓடணும்னுதான் கம்பெனில சொல்லிக் குடுத்திருக்காக. அங்கன கையில இருக்கது மொதலாளி சரக்கு சார். இது என்னோடதுல்ல?"