எனக்காக ஜெபிப்பதை நிறுத்துங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆலயத்தில், ஆராதனையின் நடுவே எழுந்து நின்று போதகரின் ஜெபத்தைத் தடுத்தேன். எங்கள் சபையில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததாக எவருக்கும் ஞாபகம் இல்லை. தினமும் டைரி எழுதுகிறவள் என்பதால் எது முதலில், எது பிறகு என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. வரிசையாகவே சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். சேர வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், ஒரு கோடை விடுமுறையோடு கல்லூரியையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஓரிடத்தில் என் மகன் வயதுள்ள ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "இந்த வயசுல புதுசா கத்துக்க முடியுமா மேடம்?" என்றார். முடியும் என்றேன். சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாதங்களில் நான் செய்தவை அழகான ஜெபங்கள் அல்ல. விடியற்காலையில் அடுப்படியில் முழங்கால் போட்டு, பாதி நேரம் ஆண்டவரோடு சண்டைதான் பிடித்தேன். பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கேட்டுக் களைத்துப்போய், ஒரு நாள், "எதையாவது கொடுங்கள், செய்கிறேன்" என்றேன். அந்த வாரமே எங்கள் பகுதி உழவர் குழுவில், வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோனை இயக்கப் பெண்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள். போனேன், கற்றேன், சான்றிதழ் வாங்கினேன். குழுவின் ட்ரோனை இயக்க என்னையே வைத்துக்கொண்டார்கள். குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டும் என் கணவர், "இனிமே இந்த வீட்டுல பைலட் நீ, கிளீனர் நான்" என்றார்.

சபையில் கதை வேறு. கல்லூரி மூடியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போதகர், "வேலையை இழந்து தவிக்கிற எங்கள் சகோதரிக்கு ஒரு வழியைத் திறந்தருளும்" என்று ஜெபிப்பார். பெயர் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணை மூடியிருந்தாலும் எத்தனை முகங்கள் என் பக்கம் திரும்புகின்றன என்று தெரியும். முதலில் அது ஆறுதலாக இருந்தது. நான் வேலையில் சேர்ந்த பிறகும் அதே ஜெபம் தொடர்ந்தபோது முள்ளாகக் குத்தியது.

காரணம் புரியாமலில்லை. எங்கள் சபைக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்கு முன் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவை, களை பறித்தவை. என் அம்மாவும் அப்படித்தான். பிள்ளைகள் படித்து வயலைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட ஆசீர்வாதம். வந்தவள் திரும்பவும் வரப்பில் ஏறினால் அது அவர்கள் கணக்கில் வேலையே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை, எங்கள் சபைப் பெண்கள் சங்கத் தலைவி வீட்டுக்கு வந்தார். என்மேல் உண்மையான பாசம் உள்ள அக்கா.

"தஞ்சாவூர்ல ஜவுளிக்கடையில பில் போட ஆள் கேக்குறாங்க. ஏசி ரூம். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லிடு."

"எனக்குத்தான் வேலை இருக்கேக்கா."

"பூச்சிமருந்து அடிக்கிறது ஒரு வேலையா? உங்கம்மா சேத்துல நின்னது, நீயும் சேத்துல நிக்கவா?"

காபி போடப் போனேன். அவர் போன பிறகு, உண்மையைச் சொன்னால், அந்தக் கடையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பயிற்சியாளர் துணை இல்லாமல் முதன்முதலாக நானே ட்ரோனை இயக்க வேண்டும். அதில் சொதப்பினால் பேசாமல் கடைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். குத்தகைக்குச் செய்பவர் பக்கத்து ஊர்க்காரர். என் அம்மா பல வருடம் நடவு நட்ட வயல் அது. என் கணவர் தன் வண்டியிலிருந்து ட்ரோனை இறக்க, வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது.

"என்னக்கா, காத்தாடி விட வந்தீங்களா?"

"கீழ விழுந்தா தூக்கணும், எல்லாரும் இருங்கடா."

"எதை? ட்ரோனையா, அக்காவையா?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மருந்தைக் கலக்கும் முன் காற்றைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. பலமாக மேற்கே வீசியது. மேற்கு வரப்பை ஒட்டி வேறொருவரின் மீன் குட்டை. இந்தக் காற்றில் அடித்தால் மருந்து குட்டையில்தான் விழும்.

"காத்து அடங்கினாத்தான் எடுப்பேங்க" என்றேன்.

குத்தகைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுவரைக்கும் புழு சும்மா இருக்குமா? குட்டைக்காரனை நான் பாத்துக்கறேன், நீங்க அடிங்க."

"மாட்டேங்க."

"அப்ப வேற ஆளைக் கூப்புட்டுக்கறேன்."

"கூப்புடுங்க."

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "உங்கம்மா இதே வரப்புல நின்னுச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல" என்றார்.

"தெரியுங்க. அது பேசாம விட்டதையும் சேத்துத்தான் நான் பேசறேன்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வண்டி நிழலில் போய் உட்கார்ந்தேன். "போயிடலாமா?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டி மறுத்தேன். கண்ணை மூடி ஜெபித்தேன். காற்று அடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. என் வாயிலிருந்து 'சரி' என்று வந்துவிடக் கூடாது, அது போதும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

வெயில் சாயும் நேரத்தில் காற்று அடங்கியது. அதை அற்புதம் என்று சொல்லமாட்டேன். எந்தக் காற்றும் ஒரு நேரத்தில் அடங்கத்தான் செய்யும். அதுவரை நான் கிளம்பிப் போகாமல் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் எனக்கு அற்புதம். ட்ரோன் எழும்பியது. மூலை முடுக்கு விடாமல் அடித்து முடித்து, எடுத்த இடத்திலேயே இறக்கினேன். குத்தகைக்காரர் பாராட்டவில்லை. பயிரைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு இருக்கு. வியாழக்கிழமை வர்றீங்களா?" என்றார்.

மறுநாள் ஆலயத்தில் போதகர் வழக்கம்போல, "வேலையை இழந்து தவிக்கிற…" என்று தொடங்கினார். எழுந்து நின்றேன்.

"ஐயா, மன்னிக்கணும். எனக்காக இந்த ஜெபத்தை நிறுத்திடுங்க. நான் கேட்டேன், ஆண்டவர் கொடுத்துட்டாரு. நேத்து வேலை பாத்தேன், வியாழக்கிழமையும் வேலை இருக்கு. வாங்கிக்கிட்ட பிறகும் வாராவாரம் இன்னும் கொடுக்கலைன்னு கேட்டா, கொடுத்தவருக்கு எப்படிங்க இருக்கும்? நன்றி சொல்றதா இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா என்னை விட்டுடுங்க."

"உக்காருடி" என்று தலைவி அக்கா என் முந்தானையை இழுத்தார். நான் உட்காரவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சகோதரி சொல்றது சரிதான். நன்றி சொல்லுவோம்" என்றார். சொல்லவும் செய்தார். ஆமென் சொன்னவர்கள் பாதிப் பேர்தான்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "கடையில என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லிடுங்க."

"திமிரு புடிச்சவ."

"ஆமாக்கா."

இன்றும் அறுவடைக்குப் பிறகு வேலை இல்லாத மாதங்கள் வருகின்றன. அடுப்படியில் ஆண்டவரோடு சண்டையும் நடக்கிறது. அன்று ஆமென் சொல்லாத பாதிப் பேரில் சிலர் இன்னும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். ஆனால் ஆண்டவர் என் கையில் கொடுத்ததை இன்னொருவர் மதிப்புக் குறைத்துச் சொல்லும்போது தலைகுனிந்து நிற்பதைத் தாழ்மை என்று நான் நினைப்பதில்லை. நிமிர்ந்து நின்று அது என்னுடையது என்று சொல்வதும் ஒரு ஸ்தோத்திரம்தான்.