சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

எங்கள் தெருவில் அந்த எலக்ட்ரீஷியனைப் பாக்கெட் என்றுதான் சொல்வார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக மெயினை அணைப்பார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். வேலை முடிந்து அவரே அதைத் திரும்பச் சொருகும்வரை அந்த வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. ஒருமுறை முடிதிருத்துபவர் வீட்டுக் கட்டையை மறந்து தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். வியர்த்து வழியப் பின்னாலேயே வந்த முடிதிருத்துபவர், "நான் முடி வெட்டிட்டு உங்க தலையைக் கையோட எடுத்துட்டா போறேன்?" என்று கேட்டார். பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அவர் வேலையை அதிகம் புகழ எனக்கு மனம் வராது. சுவரில் அவர் அடிக்கும் குழாய் சற்றுக் கோணலாகத்தான் போகும். ஆனால் அவர் கை வைத்த இடத்தில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. சூடான டீயையும் ஆறிய டீயையும் ஒரே மாதிரி குடிப்பார். மகனுக்கு வேலை கிடைத்த செய்திக்கு "சரி" என்றாராம். மாமனார் இறந்த செய்திக்கும் அதே "சரி"தான். "எர்த் குடுத்த மனுஷன். எது வந்தாலும் நேரா மண்ணுக்குள்ள போயிடும்" என்பார் அவர் மனைவி.

பதினொரு வருடங்களுக்கு முன் அவர் அண்ணனுடன் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணன் தன் வீட்டுத் தோட்டத்துக்கு விளக்குப் போட உட்கார்ந்தார். மெயினை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வேறொரு வேலையை முடித்துவிட்டுத் தம்பி முன்வாசல் வழியாக வந்தார். விசிறி ஓடவில்லை. மெயினின் கைப்பிடி கீழே இருந்தது. ஏற்றிவிட்டார். எத்தனையோ வீடுகளில் செய்தது. பழக்கம் யோசிப்பதில்லை; அதற்காகத்தான் நாம் அதை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகுதான் தோட்டத்துக்குப் போனார். அண்ணன் கம்பியோடு விழுந்து கிடந்ததைப் பார்த்ததும் ஓடிவந்து கைப்பிடியை இறக்கினார்; அதற்குள் உயிர் போயிருந்தது.

மெயினைத் தான் அணைத்ததாக வந்தவர்களிடம் சொன்னார். அது உண்மை. அதற்கு முன் நடந்ததைச் சொல்லவில்லை. அவர் நேரே தோட்டத்துக்கு வந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அணைக்காமலே கை வைத்திருக்கிறான், அவசரக்காரன் என்று அண்ணனைப் பற்றி முடிவு கட்டினார்கள். அந்தப் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் அந்தி நேரத்தில் அண்ணி தோட்டத்துப் பாதையில் தடுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். நாலு விளக்கு வேண்டும், வேறு ஆளை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். இவர் இரண்டு வாரம் சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

கட்டையைப் பிடுங்கி, சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றியபோது அண்ணி கையை நீட்டினார்.

"அதை எங்கிட்ட குடுங்க தம்பி."

கொடுத்தார். அண்ணி அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு பின்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய கேபிளை இவர் முழுவதுமாக உருவி எறிந்தார். இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, குழாய்க்குள் புதுக் கேபிளை விட்டார். மேலே செங்கல் அடுக்கினார். என்றைக்காவது யாராவது கொத்தினால் மண்வெட்டி முதலில் கல்லில் இடிக்கட்டும் என்று. இணைப்பு எதையும் மண்ணுக்குள் விடவில்லை. தரைக்கு மேலே, ரப்பர் மூடி போட்ட பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் எர்த் கம்பி இழுத்தார். கசிவு வந்தால் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை அறுக்கும் ட்ரிப் சுவிட்சைப் போர்டில் மாட்டினார். அண்ணி எதையும் கேட்கவில்லை. இவராகவே ஒவ்வொன்றையும் விளக்கினார். இவ்வளவு பேசி வருடங்கள் ஆகியிருக்கும்.

மாலையில் கம்பி முனைகளைச் சீவிக்கொண்டிருந்தபோது அண்ணி பேசினார்.

"அன்னிக்கு உங்க அண்ணன் மெயினை அணைச்சுட்டுத்தான் போனார். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அப்புறந்தான் மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்."

இவர் கை நிற்கவில்லை.

"கீழ இருந்தது எட்டு வயசுப் பொண்ணு மட்டும்தான். ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்ச் தட்டுறதுதான் அப்ப அவளுக்கு விளையாட்டு. எல்லாரும் அவரை அவசரக்காரர்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். புள்ளைய யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாதில்ல." கட்டையை மடியில் வைத்தார். "அதுக்கப்புறம் அவ போர்டு பக்கம் போனாலே அடிச்சிருக்கேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. இப்ப ஹாஸ்டல்ல இருந்து லீவுக்குக்கூட வரமாட்டேங்குறா."

இவர் சீவுகத்தியை மடக்கி வைத்தார்.

"அவ இல்ல அண்ணி. நான்."

முன்வாசல், நின்றிருந்த விசிறி, கைப்பிடி எல்லாவற்றையும் சொன்னார். குடித்த தண்ணீரையும் விடவில்லை. கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

அண்ணி மடியிலிருந்த கட்டையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இன்னும் என்ன வேலை இருக்கு?"

"நாலு முனை சேர்க்கணும்."

"சேருங்க."

கட்டையோடு எழுந்து உள்ளே போனார். போர்டும் உள்ளேதான் இருந்தது. வெற்றுப் பையோடு இவர் வேலை செய்வது பதினொரு வருடத்தில் அதுவே முதல்முறை. டெஸ்டரைக் கம்பியில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. முனைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். உள்ளே அண்ணி போனில் மகளுடன் பேசுவது கேட்டது. குரல் ஏறியது, பிறகு கேட்கவே இல்லை. நாலாவது பெட்டியை மூடியபோது வெளிச்சம் மங்கிவிட்டது.

"கையை எடுத்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டார்.

"எடுத்துட்டேன் அண்ணி."

"தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். நாலு விளக்கும் எரிந்தன. உள்ளே போய் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார், அணைந்தன. மறுபடி ஏற்றினார்; எரிந்தன.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா. நீங்களும் வரணும். உங்க வாயால அவகிட்ட சொல்லணும்" என்றார் அண்ணி. இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி" என்றார்.

செருப்பை மாட்டும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. காலியாக இருந்தது. பொத்தானை மாட்டிக்கொண்டு நடந்தார்.