ஆறு கட்டையில் கேட்டேன், நாலரையில் கொடுத்தார்

1991 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை 5.40. என் மகள் கோதையின் குரல் போனது. பாட்டுச் சாதகத்தில் மேல் ஷட்ஜத்தில் நின்றவளுக்கு வாய் அசைந்தது. காற்று மட்டும் வந்தது. அன்றைய நாட்குறிப்பில், "சாதகம் 40 நிமிடம். குறைவு" என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

நாங்கள் வடக்குப்பட்டுக்காரர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுதுவது என் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் சென்னையில் ஒரு சபா இளம் கலைஞர்களுக்கு இசை விழா நடத்த இருந்தது. தேர்வுக்குக் கேசட் அனுப்ப வேண்டும். கோதையின் இயல்பான சுருதி ஐந்து கட்டை. ஆறில் பாடினால் குரல் பளிச்சென்று இருக்கும் என்று நான்தான் சுருதிப் பெட்டியை ஏற்றி வைத்தேன். அவளுடைய பாட்டு ஆசிரியைக்குக்கூடச் சொல்லவில்லை. தேர்வானாள். டிசம்பர் 22, பகல் பன்னிரண்டு மணிக்குக் கச்சேரி. கேசட்டில் ஆறு என்றால் மேடையிலும் ஆறுதானே? தினமும் நான்கு மணி நேரம் ஆறிலேயே பாட வைத்தேன். "தொண்ட வலிக்குதுப்பா" என்று ஜூலையில் மூன்று முறை சொன்னாள். நேரத்தை எழுதினேன். வலியை எழுதவில்லை.

தாம்பரத்தில் மருத்துவர் பார்த்தார். குரல் நாணில் இரத்தக் கசிவு, வீக்கம். ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. வற்றாவிட்டால் அறுவை சிகிச்சை. அதன் பிறகு பேச்சுக்கே உறுதி சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ராஜம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "பொண்ணு தொண்டைய இன்னா மிஷினுன்னு நெனச்சிகினியா? ஓ.டி. வாங்கற?"



பத்தொன்பது வயதுப் பெண் கையில் சிலேட்டோடு வீட்டில் நடமாடினாள். பசித்தால் எழுதுவாள். பிறகு அதையும் நிறுத்தினாள். செப்டம்பர் முடிவில் ஒருநாள், "இனி எனக்குப் பாட்டு வேணாம்" என்று எழுதி என் நாட்குறிப்பின் மேல் சிலேட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அழித்துவிட்டுத் திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமைதோறும் மணிமங்கலம் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போனேன். "டிசம்பர் 22க்குள் குரல் வேண்டும், ஆறு கட்டையில் வேண்டும்" என்று வேண்டினேன். அதை ராஜத்திடம் சொன்னபோது சிரித்தாள். சிரிப்பா அது? "சாமிக்கும் ஷிப்ட் போட்டுக் குடுத்துட்டு வந்துகிறியா?"

அடுத்த சனிக்கிழமை சன்னதியில் நின்றபோது தேதி சொல்ல வாய் வரவில்லை. "பெருமாளே, கச்சேரி வேண்டாம். பசித்தால் அவள் வாய்விட்டுச் சோறு கேட்டால் போதும். கெடுத்தவன் நான்" என்று மட்டும் சொல்லி அழுதேன். இருபது வருடத்தில் நான் அழுததை யாரும் பார்த்ததில்லை. அன்று அர்ச்சகர் பார்த்தார்.

நவம்பர் 4, திங்கட்கிழமை. மருத்துவர் மீண்டும் பார்த்தார். வீக்கம் வற்றிவிட்டது, கத்தி வேண்டாம், சில வார்த்தைகள் பேசலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைத் திறந்து பேனாவை எடுத்தேன். அவள் முதல் வார்த்தை எத்தனை மணிக்கு வருகிறது என்று குறிக்க வேண்டாமா?

கோதை என் கையைப் பார்த்தாள். கரகரவென்று, தாழ்ந்து, வேறு யாரோ பேசுவதுபோல் அந்தக் குரல் வந்தது.

"அப்பா, அத்த மூடுப்பா."

மூடினேன். ராஜம் அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து, சிலேட்டில் இருந்த அந்த வரியைக் கோதையே அழித்துவிட்டு ஆசிரியையிடம் போனாள். அவர் மெல்ல மெல்லப் பாட வைத்தார். குரல் நாலரைக் கட்டையில்தான் நின்றது. விழா அன்று மேடையில் வயலின்காரர் தந்தியைத் தளர்த்தியபடி, "ஆறுன்னுதானேம்மா எழுதியிருந்தீங்க? எறங்கிட்டியே" என்றார்.

"சுருதிதான் சார் எறங்கிச்சு. நான் எறங்கல" என்றாள்.

மேல் பஞ்சமத்தில் ஒரு முறை குரல் உடைந்தது. அந்த உச்சம் அவளுக்கு இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, மூச்செடுத்து, கீழிருந்து மறுபடி பாடினாள். எத்தனை நிமிடம் பாடினாள் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நான் இப்போதும் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் கோதையின் சாதகக் கணக்கு இல்லை. என்னைப்போல் தவறு செய்துவிட்டுக் கலங்கி நிற்பவர்களே, பெருமாளிடம் போங்கள். தயங்காமல் கேளுங்கள். எத்தனை கட்டையில் வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.